பிடித்த படம் எது, மாமா?

(கணினியின் முன்னால் மருமகன் அமர்ந்திருக்கிறார். அவர் அமர்ந்திருக்கும் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி பின்னால் மாமனார் நிற்கிறார். திரையில் ஒரே ஒரு கேள்வி: "உங்களுக்கு மிகவும் பிடித்த திரைப்படம் எது?" அதன் கீழே ஒரு கட்டம். கட்டத்துக்கும் கீழே, சிவப்பு எழுத்தில், "3 வாய்ப்புகள் மீதமுள்ளன.")

மருமகன்: கடவுச்சொல் மறந்துபோவது ஒரு குற்றமே இல்லை, மாமா. அப்படி மறந்துபோகும் என்றுதான் கணக்குத் தொடங்கும்போதே ஒரு பாதுகாப்புக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த கேள்வி இது. விடையைச் சொல்லுங்கள், அரை நிமிடத்தில் திறந்துவிடலாம்.

மாமனார்: அரை நிமிடமா? மாப்பிள்ளை, இந்தக் கேள்விக்கு நான் 40 ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

மருமகன்: பிறகு எதற்காக இதையே தேர்ந்தெடுத்தீர்கள்? 'நீங்கள் படித்த முதல் பள்ளி எது' என்ற கேள்வியும் அந்த வரிசையில் இருந்திருக்குமே?

மாமனார்: இருந்தது. ஆனால் அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? பள்ளியின் பெயரைச் சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடும்.

மருமகன்: அது முடிய வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள், மாமா. சரி, போகட்டும். உள்ளே அப்படி என்ன அவசரமான கடிதம் இருக்கிறது?

மாமனார்: என் பட்டியல் இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், இனிமேலாவது நல்ல படங்களாகப் பார்க்கலாம் என்று இருப்பதாகவும், எனக்குப் பிடித்தவற்றை எழுதி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டார். 4 ஆண்டுகள் உழைத்து, அதை இந்த அஞ்சல்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். இன்றைக்கு அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மருமகன்: அதாவது, பிடித்த படங்களின் பட்டியல் உள்ளே இருக்கிறது, உள்ளே போக வேண்டுமானால் பிடித்த படம் எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டியிருக்கிறீர்கள்.

மாமனார்: எந்தத் திருடனாலும் திறக்க முடியாதல்லவா?

மருமகன்: வீட்டுக்காரராலும் முடியவில்லையே, அதுதான் சிக்கல். யோசிக்காமல், மனத்தில் முதலில் தோன்றும் பெயரைச் சொல்லுங்கள்.

மாமனார்: 'பதேர் பாஞ்சாலி'. 1955இல் வந்தது. சத்யஜித் ராயின் முதல் படம்.

மருமகன்: (தட்டச்சு செய்துகொண்டே) இவ்வளவு எளிதாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாமனார்: நில்லுங்கள், நில்லுங்கள். ஏன் பிடிக்கும் என்று நீங்கள் கேட்கவே இல்லையே?

மருமகன்: கணினி அதைக் கேட்கவில்லை, மாமா.

மாமனார்: கணினிக்கு நாகரிகம் தெரியாது, நீங்கள் கேட்கலாம் அல்லவா? அந்தப் படத்தில், வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும் நாணல் காட்டுக்கு நடுவே அக்காவும் தம்பியும் நடந்துபோய் முதன்முதலாக ரயிலைப் பார்ப்பார்கள். ராய் முதல் நாள் படப்பிடிப்புக்குப் போனதே அந்த நாணல் காட்டுக்குத்தான். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா அதற்கு முன்னால் எந்தத் திரைப்படத்துக்கும் ஒளிப்பதிவு செய்ததில்லை. இயக்குநரோ அதற்கு முன்னால் எதையும் இயக்கியதில்லை. ஒரு நாள் எடுத்துவிட்டு, மீதியை எடுப்பதற்காக அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், காட்டில் ஒரு பூ இல்லை. என்ன ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்?

மருமகன்: காற்றில் உதிர்ந்துவிட்டதா?

மாமனார்: மாடுகள் மேய்ந்துவிட்டன! உலகத் திரைப்பட வரலாற்றையே அசைபோட்டுக்கொண்டு அவை பாட்டுக்கு நின்றிருக்கின்றன. வேறொருவராக இருந்தால் வேறு காட்டைத் தேடியிருப்பார், அல்லது கதையை மாற்றியிருப்பார். ராய் அடுத்த ஆண்டு மீண்டும் நாணல் பூக்கும்வரை காத்திருந்தார். ஒவ்வொரு முறை அந்தக் காட்சியைப் பார்க்கும்போதும், ரயில் வருவதற்கு முன்னால் மாடு வந்துவிடுமோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

மருமகன்: (பொத்தானை அழுத்துகிறார்.) தவறான விடை. 2 வாய்ப்புகள் மீதமுள்ளன.

மாமனார்: அப்படியிருக்காது. 'பதேர்' என்று எழுதினீர்களா, 'பாதேர்' என்று எழுதினீர்களா?

மருமகன்: 'பதேர்' என்று எழுதினேன். நீங்கள் எப்படி எழுதியிருப்பீர்கள்?

மாமனார்: அது கணக்குத் தொடங்கிய அன்று என் மனநிலையைப் பொறுத்தது.

மருமகன்: (பல்லைக் கடித்துக்கொண்டு, மிகுந்த பணிவுடன்) மாமா, ஓர் எழுத்து மாறினாலும் இது திறக்காது. ஆகையால், எழுத்துக் குழப்பமே வராத ஒரு படத்தைச் சொல்லுங்கள்.

மாமனார்: எழுத்துக் குழப்பம் வராதது என்றால், எண்ணில் தொடங்கும் படம் ஒன்று இருக்கிறது. '12 ஆங்ரி மென்'. 1957. ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்வதற்காக 12 பேரை ஓர் அறையில் உட்காரவைத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய முழுப் படமும் அந்த ஓர் அறைக்குள்ளேயே நடக்கிறது.

மருமகன்: அதை நானும் பார்த்திருக்கிறேன், மாமா! எனக்கும் மிகவும் பிடித்திருந்தது. ஒரு மணி நேரத்தில் விறுவிறுப்பாக முடிந்துவிட்டது.

மாமனார்: ஒரு மணி நேரமா? படம் 96 நிமிடம், மாப்பிள்ளை.

மருமகன்: கைப்பேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்தேன்.

(நீண்ட மௌனம். மாமனார் நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்துக்கொள்கிறார்.)

மாமனார்: 96 நிமிடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் 64 நிமிடம் ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 32 நிமிடம், காணாமல் போய்விட்டது. 12 பேரில் மூன்றில் ஒரு பங்கு 4 பேர். அந்த அறையிலிருந்து எந்த 4 பேரை வெளியே அனுப்பினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

மருமகன்: யாரையும் அனுப்பவில்லை, மாமா. எல்லோரும் கொஞ்சம் வேகமாகப் பேசினார்கள், அவ்வளவுதான்.

மாமனார்: ஒரு பையனின் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, பேருந்தைப் பிடிக்கப் போகிறவர்களைப்போல அவர்களைப் பேசவைத்திருக்கிறீர்கள். அந்தப் படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? இயக்குநர் சிட்னி லூமெட் தொடக்கத்தில் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்து எடுக்கிறார். போகப் போகக் கண்மட்டத்துக்கு இறக்குகிறார். கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே கொண்டுபோகிறார். முதலில் சுவர்கள் மட்டும்தான் தெரியும். முடியும் தறுவாயில் கூரையும் தெரிய ஆரம்பித்துவிடும். அத்துடன், சிறிது சிறிதாக நீளமான லென்ஸுகளுக்கு மாறுவதால், பின்னாலிருக்கும் சுவர் ஆட்களின் முதுகோடு ஒட்டிக்கொண்டதுபோல ஆகிவிடும். அறை அதே அறைதான். ஆனால் நமக்கு மூச்சு முட்டும். இதை நான் கண்டுபிடிப்பதற்கு 5 முறை பார்க்க வேண்டியிருந்தது.

மருமகன்: எனக்கும் மூச்சு முட்டியது, மாமா. வேகமாகப் பார்த்ததால் என்று நினைத்துக்கொண்டேன். சரி, இதைத் தட்டச்சு செய்யட்டுமா?

மாமனார்: வேண்டாம். கணக்குத் தொடங்கியபோது நான் இந்தப் படத்தை ஒரு முறைதான் பார்த்திருந்தேன். அப்போது இது எனக்கு வெறுமனே பிடித்திருந்தது; மிகவும் பிடிக்கவில்லை.

மருமகன்: அப்படியென்றால் பழைய காலத்தை விட்டுவிடலாம். 'ஜாஸ்' போன்ற படமாக இருக்குமா? அந்தச் சுறாவை யாராலும் மறக்க முடியாதே.

மாமனார்: சுறாவால் பிழைத்த படமில்லை அது, சுறா இல்லாததால் பிழைத்த படம். 1975இல் வெளிவந்த அந்தப் படத்துக்காக ஸ்பீல்பெர்க் இயந்திரச் சுறாவைச் செய்து கடலில் இறக்கினார். உப்புத் தண்ணீர் பட்டதும் அது பழுதாகிவிட்டது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலேயே, தண்ணீரையும் இசையையும் வைத்துப் பயமுறுத்தினார். ஒழுங்காக வேலை செய்திருந்தால் அது ஒரு பொம்மைப் படமாக முடிந்திருக்கும். இருந்தாலும் என் பட்டியலில் அது இல்லை; எனக்கு நீச்சல் தெரியாது.

மருமகன்: தமிழ்ப் படமாக இருக்க வாய்ப்பிருக்கிறதா?

மாமனார்: (குரல் தழுதழுக்க) இதை நீங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். 'காதலிக்க நேரமில்லை'. 1964, ஸ்ரீதர் படம்.

மருமகன்: நாகேஷ் கதை சொல்லும் காட்சி! அத்தை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கதவு திறக்கும் ஓசையைக்கூட வாயாலேயே எழுப்புவாரே?

மாமனார்: எல்லோரும் நாகேஷைத்தான் சொல்வார்கள், நான் பாலையாவைச் சொல்வேன். நாகேஷுக்கு அந்தக் காட்சியில் கை இருக்கிறது, கால் இருக்கிறது, பேய் இருக்கிறது, கதவு இருக்கிறது. பாலையாவுக்கு என்ன இருக்கிறது? அந்த முகம் ஒன்றுதான். மகன் படம் எடுக்கிறேன் என்று திரிவதே பிடிக்காத தகப்பன் அவர். அப்படிப்பட்டவர் கதைக்குள் இழுக்கப்பட்டு, பயந்து, அந்தப் பயத்தை வெளியே காட்டவும் கூச்சப்பட்டு, ஆனாலும் அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கிறார் பாருங்கள்! கதை சொல்கிறவரைப் பார்த்து நாம் ஒரு பங்கு சிரித்தால், கேட்கிறவரைப் பார்த்து மூன்று பங்கு சிரிக்கிறோம். நல்ல ரசிகன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர்தான் எனக்கு இலக்கணம். அவர் ஒன்றரை மடங்கு வேகத்தில் கதை கேட்கவில்லை.

மருமகன்: (தலையைக் குனிந்துகொண்டு) இனிமேல் அப்படிப் பார்க்க மாட்டேன், மாமா. இதுதான் விடை என்று உறுதியாகச் சொல்கிறீர்களா?

மாமனார்: உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் 'முள்ளும் மலரும்' பற்றியும் ஒரு வார்த்தை.

மருமகன்: ஒரே ஒரு வார்த்தை.

மாமனார்: 1978. மகேந்திரன் இயக்கிய முதல் படம். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு. கதாநாயகன் காளிக்குத் தன் மேலதிகாரியான என்ஜினீயரைக் கண்டாலே ஆகாது. கடைசியில், எல்லோரையும் விட்டுவிட்டுத் தங்கை தன்னிடம் ஓடி வந்துவிட்டதும், மனம் குளிர்ந்து, அவளை அந்த என்ஜினீயருக்கே கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறான். வேறு படமாக இருந்தால் இருவரும் கட்டித் தழுவியிருப்பார்கள். இங்கே காளி, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறான். மனிதன் திருந்தவில்லை, மாப்பிள்ளை, விட்டுக்கொடுக்கிறான். பிடிக்கவில்லை என்று சொல்லி முடிகிற அந்தப் படம்தான் எனக்கு மிகவும் பிடித்த படம்.

மருமகன்: இப்போது எதைத் தட்டச்சு செய்வது?

மாமனார்: பாலையாவையே போடுங்கள்.

மருமகன்: (தட்டச்சு செய்கிறார்.) தவறான விடை. 1 வாய்ப்பு மீதமுள்ளது.

மாமனார்: காளியைப் போட்டிருக்க வேண்டும்.

மருமகன்: இந்தக் கடைசி வாய்ப்பும் போய்விட்டால் கணக்கையே பூட்டிவிடுவார்கள், மாமா. 'பேசும் படம்' என்று ஒன்று வந்ததே, அதில் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டார்களே, அதைப்போல இந்தக் கட்டத்தில் எதையுமே எழுதாமல் விட்டுவிட்டீர்களா?

மாமனார்: 1987. சிங்கீதம் சீனிவாசராவ். அருமையான படம். ஆனால் நான் எழுதினேன். எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. முதலில் 5 படங்களின் பெயர்களை எழுதினேன். இடம் போதவில்லை என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

மருமகன்: (நிமிர்ந்து உட்கார்ந்து) கோபம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். போன மாதம் வந்த ஒரு கருத்துப் படிவத்தில், ஆம் அல்லது இல்லை என்று குறிக்க வேண்டிய கட்டத்துக்குள் 'கேள்வியே பிழை. விவரம் பின்பக்கம்' என்று எழுதி அனுப்பியவர் நீங்கள். இந்தக் கட்டத்திலும் நீங்கள் படத்தின் பெயரை எழுதியிருக்கவே மாட்டீர்கள். கணினியோடு சண்டை போட்டிருப்பீர்கள். அந்தச் சண்டையின் வாசகத்தை மட்டும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

மாமனார்: (கண்களை மூடிக்கொண்டு) 'ஒன்றை மட்டும் எப்படிச் சொல்வது?' என்று எழுதினேன்.

மருமகன்: (தட்டச்சு செய்துகொண்டே) 'எப்படி சொல்வது' என்பதில் இடையில் 'ச்' உண்டா, இல்லையா? வாய்ப்பு ஒன்றுதான் இருக்கிறது, மாமா.

மாமனார்: மாப்பிள்ளை, எனக்குப் பிடித்த படம் நாளுக்கு நாள் மாறும், வல்லினம் மிகும் இடம் மாறாது. 'ச்' உண்டு. கேள்விக்குறியும் உண்டு.

(மருமகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துகிறார். அஞ்சல்பெட்டி திறக்கிறது.)

மருமகன்: திறந்துவிட்டது! இதோ, நண்பருக்கு அனுப்புவதற்காக நீங்கள் வைத்திருக்கும் கடிதம். 4 ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கியிருக்கிறீர்கள். 'எனக்கு மிகவும் பிடித்த படங்கள்: இறுதி வடிவம்' என்று தலைப்பு இருக்கிறது. உள்ளே... மாமா, உள்ளே ஓர் எழுத்துகூட இல்லையே?

மாமனார்: நேற்றுவரை 'பதேர் பாஞ்சாலி' இருந்தது. அதை மட்டும் வைத்தால் மற்றவர்கள் வருத்தப்படுவார்களே என்று எடுத்துவிட்டேன்.

மருமகன்: நண்பர் காத்திருக்கிறாரே, மாமா. இன்றைக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்களே?

மாமனார்: அதனால்தான் உங்களை நாற்காலியில் உட்காரவைத்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். முதல் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, இரண்டிலிருந்து தொடங்குங்கள்.