கண்ணாடியோடு முடிவதில்லை

“பிறர் பொருளை உடைப்பவர்கள் வேலையற்ற இளைஞர்கள், காரணமே கிடையாது, காப்பீடு இருந்தால் யாருக்கும் நட்டமில்லை” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. மூன்றுமே தவறு.

1969-இல் உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உரிமையாளர் இல்லாததுபோல் ஒரு காரை நிறுத்திவைத்தார். பத்து நிமிடங்களுக்குள் முதலில் கைவைத்தது தந்தை, தாய், சிறு மகன் கொண்ட ஒரு குடும்பம்! ஒரே நாளில் மதிப்புள்ளவை அனைத்தும் போயின. பிறகுதான் வெறும் உடைப்பு தொடங்கியது. அதில் ஈடுபட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் நன்றாக உடுத்தியவர்கள். யாரும் கேட்கமாட்டார்கள் என்ற எண்ணம் வயது பார்ப்பதில்லை.

காரணங்களும் உண்டு. சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹென் பழிவாங்கல், ஆதாயம், கொள்கை, விளையாட்டு எனப் பல நோக்கங்களைப் பிரித்துக் காட்டினார். பழிவாங்கலை வெறும் குறும்பு என்று தள்ளிவிடுவது எனக்குக் கோபமூட்டுகிறது. அங்கே குறிவைக்கப்படுவது பொருளல்ல, மனிதர்.

காப்பீடு? பல பாலிசிகளில் இழப்பின் ஒரு பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டும். கண்ணாடியை மாற்றிய பின்னும், ‘ஏன் என் வீடு? மறுபடியும் வருவார்களா?’ என்று இரவில் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்காருபவருக்கு எந்த பாலிசியும் ஈடு தருவதில்லை.