வீராசாமி டாக்டர் வீடு எங்கே?

பர்மாவில் இருக்கும் கத்தாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு நாவலின் நாயகன் ஃப்ளோரி வீட்டைத்தான் தேடுவார்கள். நான் 2019ல் போனபோது தேடியது அதே நாவலில் வரும் வீராசாமி டாக்டர் வீட்டை.

ஜார்ஜ் ஆர்வெலின் ‘பர்மிய நாட்கள்’தான் அது, 1934ல் வந்த நாவல். பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஆர்வெல் கடைசியாக வேலை பார்த்தது ஐராவதிக் கரை கத்தாவில். நாவலில் அதற்குச் சவுக்தடா என்று பெயர் வைத்தார். (ரங்கூன்காரர்களுக்குச் சிரிப்பு வரும், அங்கே ஒரு வட்டாரத்துக்கே அந்தப் பெயர்.)

மாந்தலேயில் பிறந்து வளர்ந்த தமிழன் இந்தப் புத்தகத்தைப் படிப்பது தனி அனுபவம். நாயகன் ஃப்ளோரி வெள்ளைக்காரன். வெள்ளைக்காரர்கள் கூடும் கிளப்பில் பிராந்தி கொண்டுவரும் பட்லர் திராவிடன். ஐஸைக் கரையாமல் வைத்திருப்பது மிகவும் கடினமாக இருக்கிறது என்று நல்ல இங்கிலீஷில் சொல்லிவிடுகிறான். உடனே ஒரு துரை, ‘அகராதியை முழுங்கிட்டியா?’ என்று எரிந்து விழுகிறான். இவ்வளவு நன்றாகப் பேசினால் வேலையை விட்டே தூக்க வேண்டியதுதானாம்! அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

அடுத்து வீராசாமி. சிவில் சர்ஜன், ஜெயிலுக்கும் அவர்தான் பொறுப்பு. (தெலுங்கு நண்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம், உங்களவராகவும் இருக்கலாம்.) வெள்ளைக்காரன் ஃப்ளோரி சாம்ராஜ்யத்தைத் திட்டித் தீர்க்கிறான். நம்ம ஆள் அதைத் தூக்கிவைத்துப் பேசுகிறார். முதல் தடவை படித்தபோது கூசிப்போனேன். பிறகுதான் எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. ‘வெள்ளைக்காரன் இருந்தப்ப ரயில் சொன்ன நேரத்துக்கு வரும்டா’ என்பது அவர் வாயில் தேய்ந்த வசனம். 1964ல் பர்மிய ராணுவ அரசு கடையையும் எடுத்துக்கொண்டு, 50, 100 நோட்டுகளையும் செல்லாது என்று சொன்ன பிறகு அந்த மனுஷர் வேறு என்னதான் பேசுவார்? ஆர்வெல் நம்மைக் கேலி செய்துவிட்டார் என்று கோபப்படுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்த ஆளை அவர் பார்த்திருக்கிறார். நம் வீடுகளிலேயே உட்கார்ந்திருந்த ஆள்தான்.

ராத்திரி முழுக்க மிச்சினா ரயிலில் குலுங்கி, நாபாவில் இறங்கி, கத்தா போய்ச் சேர்ந்தேன். மோட்டார் சைக்கிள் தம்பி பழைய கிளப் கட்டடத்தைக் காட்டினான், கூட்டுறவுச் சங்க ஆபீஸாக இருந்தது. டென்னிஸ் மைதானம் அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு மரவீட்டைக் காட்டி, ‘ஊலே (மாமா), இதுதான் ஃப்ளோரி வீடு’ என்றான், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

“சரி, டாக்டர் வீடு?”

“எந்த டாக்டர்?”

அப்படி ஒருத்தர் வீட்டை இதுவரை யாரும் கேட்டதில்லையாம். யோசித்துவிட்டு, ‘உடம்பு சரியில்லையா ஊலே, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?’ என்றான்.

பெயரே அவருக்கு நிலைக்கவில்லை, பாருங்கள். 1935ல் லண்டன் பதிப்பு வந்தபோது, யாராவது மானநஷ்ட வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பெயர்களை மாற்றினார்கள். வீராசாமி ‘மூர்க்கசாமி’ ஆனார்! அப்படி ஒரு பெயரை எந்தத் தாய் தன் பிள்ளைக்கு வைப்பாள்? பக்கத்தில் ஒரு தமிழன் இருந்திருந்தால் முருகசாமி என்றாவது திருத்தியிருப்பான்.

கதை முடிவை இனிச் சொல்லலாம், 90 வருஷம் ஆகிவிட்டது. ஃப்ளோரி சுட்டுக்கொண்டு சாகிறான். வெள்ளைக்காரச் சிநேகிதன் போனதும் டாக்டருக்கு ஆதரவில்லை. பதவியைக் குறைத்து மாற்றல் போடுகிறார்கள், மாந்தலே பெரிய ஆஸ்பத்திரிக்கு.

அதாவது எங்கள் ஊருக்கு. திரும்பும் ரயிலில்தான் இது உறைத்தது. அவரைத் தேடி அவ்வளவு தூரம் போய்வந்திருக்கிறேன், அவரோ நான் தினமும் கடந்துபோகும் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். மாந்தலேயில் ஒரு சாதாரண கிளப்பில் சேர்கிறார். அங்கே இருக்கும் ஒரே வெள்ளைக்காரன், குடியால் வேலை போன ஒரு ஸ்காட்லாந்துக்காரன். அவனோடு ராத்திரி ராத்திரி அறிவார்ந்த பேச்சுப் பேசப் பார்க்கிறார் டாக்டர். அவனுக்கோ விஸ்கியும் இன்ஜின் சாமானும் தவிர வேறெதிலும் மனசு போகவில்லை.

அந்த கிளப் எந்தத் தெருவில் இருந்திருக்கும் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.