கேட்க வார்த்தை வேண்டுமே

நீண்டகாலக் கருத்தடை பற்றி "கிளினிக்கில் கேட்டால் சொல்வார்கள்" என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கேட்பதுதானே கஷ்டம்! கொழும்பில் எங்கள் பக்கம் வரும் மிட்வைஃப் மிஸ் தங்கமானவர், ஆனால் தமிழ் அவ்வளவாக வராது. எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுதான். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு லூப் என்ற கருத்தடைச் சாதனத்தைப் போடச் சொன்னபோது, எத்தனை வருடம் இருக்கும், இடையில் எடுக்கலாமா என்று கேட்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். மாமி வேறு, அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பயமுறுத்தினார். (ஏறாது. கருப்பைக்குள் வைப்பது அது.)

பிறகு தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் 10 நிமிடம் இருந்து விளக்கினார். செப்பு லூப் 10 வருடம் வரை, கையில் தோலுக்கடியில் வைக்கும் ஜடெல் என்ற கருத்தடைக் குச்சிகள் 5 வருடம். பிள்ளை வேண்டுமென்றால் இரண்டையும் இடையில் எடுத்துவிடலாம். பெண்களுக்குக் கருக்குழாயை வெட்டிக் கட்டும் எல்.ஆர்.டி. சத்திரசிகிச்சை அப்படியில்லை, இனிப் பிள்ளை வேண்டாம் என்று உறுதியாக இருந்தால் மட்டும். ஆண்களுக்குச் செய்யும் வாசெக்டமி அதைவிடச் சின்ன வேலையாம், பலன் தர மட்டும் 3 மாதமளவில் ஆகும். இதை வீட்டில் சொன்னதும் என் கணவர் டீவி சத்தத்தைக் கூட்டிவிட்டார், சரி விடுங்கள்.

அந்த நர்ஸ் சொன்னது ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரமாகக் கிளினிக் வாங்கில் கிடந்திருந்தால், நான் 8 மாதம் பயந்துகொண்டு இருந்திருக்க மாட்டேன்.