அரிஹந்த் வாடகைக் கப்பலா?

அரிஹந்த் நம் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல். "அரிஹந்த் ரஷ்யாவிடம் வாடகைக்கு எடுத்தது, பெயின்ட் மட்டும்தான் நம்முடையது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. வாடகைக்கு வந்தது ஐஎன்எஸ் சக்ரா என்ற வேறொரு நீர்மூழ்கி. 2012இல் கடற்படையில் சேர்ந்தது, 2021இல் திரும்பிப் போய்விட்டது. அது எதிரிக் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் வேட்டையாடும் தாக்குதல் நீர்மூழ்கி. உயரே எழும்பித் தொலைதூர இலக்கில் விழும் பாலிஸ்டிக் ஏவுகணை அதில் கிடையாது.

அரிஹந்த் விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்டு, 2009 ஜூலை 26 அன்று நீரில் இறங்கியது. அதன் அணு உலையின் முன்மாதிரியை நம் கல்பாக்கத்தில், தரையிலேயே நீர்மூழ்கியின் உடல் போன்ற கூட்டுக்குள் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கப்பலுக்குள் இருக்கும் இட நெருக்கடி அப்படியே வேண்டுமே!

சரி, ரஷ்ய உதவியே இல்லையா? இருந்தது. நீரில் இறக்கிய விழாவிலேயே பிரதமர் மன்மோகன் சிங் ரஷ்யாவுக்கு வெளிப்படையாக நன்றி சொன்னார். 2022 அக்டோபரில் வங்காள விரிகுடாவில் சக்ராவில் இல்லாத பாலிஸ்டிக் ஏவுகணையையும் அரிஹந்த் ஏவிக் காட்டிவிட்டது.