அந்த நேர்கோடு கடல் வந்த தடம் இல்லைங்க

அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து ஜயான் பார்க்ல இருக்கற நவாஹோ மணற்பாறை (பழைய பாலைவன மணல்மேடுகள் இறுகி உண்டான பாறை) போட்டோவ போட்டு, சாய்வான அடுக்குகள வெட்டிட்டு போற ஒவ்வொரு நேர்கோடும் பாலைவனத்த கடல் மூழ்கடிச்ச தடம்னு ஒரு பதிவுல சொல்லிருக்காங்க. அது சரியில்லைங்க. காஞ்ச மணல காத்து அள்ளிட்டு போயிடும், ஆனா நிலத்தடி நீர் மட்டம் வர்ற இடத்துல மணல் ஈரமா ஒட்டிக்கும், அதுக்கு கீழ காத்தால அரிக்க முடியாது, அதனால மணல்மேட்டோட தலை மொத்தமும் போய் அடிப்பாகம் மட்டும் தட்டையா நிக்கும், அப்புறம் நீர்மட்டம் ஏறினா அந்த மிச்சம் அப்படியே பத்திரமாயிடும், மேல புது மணல் சேரும். இத 1968ல புவியியலாளர் வில்லியம் லீ ஸ்டோக்ஸ் விளக்கினார். மேடுகள் நகரும்போது உண்டாகற கோடுகளும் இருக்கு, அதுக்கும் கடல் தேவையில்ல.

நீங்களே பாக்கலாம். போட்டோவ பெருசாக்கி பாருங்க, சாய்வு வரிகள் கோட்டுக்கிட்ட வந்ததும் கத்தியால சீவின மாதிரி நின்னுடும். கடல் வந்திருந்தா அந்த கோட்டு மேலயே சிப்பி, கடல் சுண்ணாம்பு அடுக்குன்னு ஏதாவது கிடைக்கணும். வீட்டுல ஒரு தட்டுல கீழ ஈர மணல், மேல காஞ்ச மணல் போட்டு ஃபேன் முன்னாடி வைங்க, மணல் பறக்கறது ஈரம் தொடங்கற இடத்துல சட்டுனு நின்னுடும். அமெரிக்காவுல நியூ மெக்ஸிகோ மாநிலத்து வைட் சாண்ட்ஸ் மணல்மேடுகள்ல இன்னிக்கும் இதேதான் நடக்குது, மேடுகளுக்கு நடுவுல கொஞ்சம் தோண்டினாலே ஈரம்.