உட்கார்ந்தே இருப்பவளாம் நான்!

நேற்று காலை பதினொன்றரை மணி. பாத்ரூமில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையில் படிந்த உப்புக்கறையைப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கலாம் என்றால் இரண்டு கையிலும் சோப்பு நுரை. அந்த நேரம் பார்த்து மணிக்கட்டில் இருந்த வாட்ச் விர்ரென்று அதிர்ந்தது. ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறேனாம். எழுந்து கொஞ்சம் நடக்க வேண்டுமாம்.

கழற்றி வாளிக்குள் போட்டிருப்பேன். 2,800 ரூபாய் கண்ணில் வந்து நின்றது, விட்டுவிட்டேன்.

இந்த வாட்ச் என் கைக்கு வந்த கதை இதுதான். ஜனவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நோயின் வாசற்படி என்கிறார்கள். நான் வாசற்படியைத் தாண்டித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து கிலோ குறைத்தாக வேண்டும் என்றார் டாக்டர். சரி என்று காசு கட்டி, போனிலேயே நடக்கும் ஓர் எடைக்குறைப்புக் குழுவில் சேர்ந்தேன். தின்பதை எல்லாம் செயலியில் எழுத வேண்டும், செய்யும் உடற்பயிற்சியையும் எழுத வேண்டும், வாராவாரம் பயிற்சியாளர் அழைத்துப் பேசுவார்.

முதல் நாளே செயலி கேட்டது, நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பு என்று. எதைப் போடுவது என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். "ஹவுஸ்வைஃப் தானே மேடம்? செடன்டரி போட்டுக்கோங்க" என்றார். அதாவது, உட்கார்ந்தே இருப்பவள். போட்டேன். அந்த வாரம் முழுக்க நான் செய்ததைச் செயலியில் ஒழுங்காக எழுதினேன். வீடு பெருக்கியது 20 நிமிடம், மாப் போட்டது 30 நிமிடம், கையால் துணி துவைத்தது 25 நிமிடம், தண்ணீர் கேன் தூக்கி மாடி ஏறியது. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. கேன் போடும் பையன் பாதி நாள் கீழேயே வைத்துவிட்டுப் போய்விடுவான். 20 லிட்டர் என்றால் 20 கிலோ, இதில் விவாதத்துக்கு இடமில்லை.

வார முடிவில் அழைப்பு வந்தது. "மேடம், வீட்டு வேலையை எல்லாம் எக்சர்சைஸ்ல போடாதீங்க. அது கணக்குல சேராது. அது நீங்க டெய்லி செய்யறதுதானே, உடம்புக்குப் பழகியிருக்கும்."

இங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் செய்வதால் சேராதாம். என் வீட்டுக்காரரும்தான் தினமும் காலையில் 40 நிமிடம் பூங்காவைச் சுற்றி வருகிறார். ஆறு வருடமாக அதே பூங்கா, அதே வேகம், அதே நாலு நண்பர்கள், முடிவில் அதே கடையில் ஒரு டீ, ஒரு வடை. அது மட்டும் பழகாமல் நிற்கிறதா? அவருடைய செயலி பச்சை வட்டம் போட்டுக் கைதட்டுகிறது. இதில் கூத்து என்னவென்றால், ஒன்பது மணி நேரம் ஆபீஸ் நாற்காலியில் இருக்கும் அந்த மனுஷன் தன்னை 'மிதமான சுறுசுறுப்பு' என்று போட்டிருக்கிறார். கேட்டால், "வாக்கிங் போறேன்ல?" அந்த வாக்கிங்கையும் தனியாக எழுதுகிறார். ஒரே நடைக்கு இரண்டு முறை கூலி!

கோபத்தில் அன்று இரவு போனை எடுத்து உட்கார்ந்தேன். எந்த வேலைக்கு உடம்பு எவ்வளவு செலவழிக்கிறது என்பதற்குப் பெரிய அட்டவணையே இருக்கிறது. பார்பரா ஐன்ஸ்வொர்த் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் குழுவினரும் 1993-இல் முதலில் வெளியிட்டது, பிறகு பல முறை திருத்தியிருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஆகும் செலவை 1 என்று வைத்து, மற்ற வேலைகள் அதைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லும். அந்த மடங்குக்கு மெட் என்று பெயர். 2011-ஆம் ஆண்டுப் பட்டியலில் சமதரையில் மிதமான வேகத்தில் நடப்பது 3.5. நின்றபடி மாப் போடுவது எவ்வளவு தெரியுமா? அதுவும் 3.5. இரண்டு முறை பார்த்தேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை பார்த்தேன். வீடு பெருக்குவது 3.3. துணியைக் கையால் துவைத்துக் காயப்போடுவது 4. மளிகைப் பையோடு மாடி ஏறுவது 7.5. மெல்லோட்டத்துக்கே அதில் 7-தான் கொடுத்திருக்கிறார்கள்.

தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் காட்டினேன். "காலையில பேசலாம்" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வந்து எனக்குப் பாடம் எடுப்பார்கள். வீட்டு வேலை எல்லாமே இப்படி இல்லை. பாத்திரம் கழுவுவது 1.8-தான், இஸ்திரி போடுவதும் 1.8, நின்று சமைப்பது 2. முக்கால் மணி நேரம் பாத்திரம் தேய்த்தால் 64 கிலோ எடையுள்ள எனக்கு 86 கலோரி என்று செயலி காட்டும். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே 48 செலவாகியிருக்கும். அதைக் கழித்தால் 38. ஓர் இட்லி ஏறக்குறைய 50. ஒரு வீட்டின் மொத்தப் பாத்திரத்தையும் விளக்கி எனக்குக் கிடைப்பது முக்கால் இட்லி, சட்னி இல்லாமல். இதைப் பார்த்ததும் பயிற்சியாளர் மீதிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. பாத்திரம் கழுவினேன் என்று எழுதிவிட்டு இரண்டு தோசை கூடுதலாகத் தின்றால் எடை எங்கே குறையும்? வடக்கு அயர்லாந்தில் 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் கையில் அகப்பட்டது. வீட்டு வேலையைத் தங்கள் உடலுழைப்புக் கணக்கில் அதிகம் காட்டியவர்கள் எடை கூடியவர்களாகத்தான் இருந்தார்களாம். செய்ததைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம், செய்துவிட்டுக் கூடச் சாப்பிட்டிருக்கலாம். எனக்கு இரண்டுமே பழக்கம்தான், மறுக்கவில்லை.

ஆனால் இதே கழித்தலை வாக்கிங்குக்கும் போட வேண்டுமா இல்லையா? 74 கிலோ மனிதர் 40 நிமிடம் நடந்தால் செயலி காட்டுவது 170 சொச்சம். சும்மா இருந்திருந்தால் ஆகும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது 120 சொச்சம். அந்த டீயும் வடையும் அதைச் சுத்தமாகத் துடைத்துவிடும். அதை எந்தப் பயிற்சியாளரும் கேட்பதில்லை. கழித்தல் கணக்கு என் வீட்டுச் சிங்க்குக்கு மட்டும்தான்.

அப்புறம் உண்மையான தில்லுமுல்லு எங்கே இருக்கிறது என்று புரிந்தது. இந்தச் செயலிகள் முதலில் உடம்பு படுத்தே கிடந்தாலும் ஆகும் செலவைக் கணக்கிடுகின்றன. 1990-இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைப் போட்டால் என் வயதுக்கும் உயரத்துக்கும் அது ஏறக்குறைய 1,240 கலோரி. அதை நாம் சொன்ன சுறுசுறுப்பால் பெருக்குவார்கள். உட்கார்ந்தே இருப்பவர் என்றால் 1.2, லேசான சுறுசுறுப்பு என்றால் 1.375, மிதமானது என்றால் 1.55. முதலாவதுக்கு எனக்கு 1,490 வரும், இரண்டாவதுக்கு 1,700. இடையில் 210 கலோரி, நாலு இட்லி! வீட்டு வேலையைத் தனியாக எழுதக் கூடாது என்று சொல்வதற்கு ஒரே நியாயமான காரணம், அது இந்தப் பெருக்கலுக்குள் ஏற்கெனவே வந்துவிடும் என்பதுதான். ஒத்துக்கொள்கிறேன், ஒரே உழைப்பை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது. ஆனால் என்னை 1.2-இல் உட்கார வைத்துவிட்டு, துடைத்ததையும் எழுதாதே என்றால் என் உழைப்பு எந்த இடத்தில்தான் இருக்கிறது? மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு முறை, எனக்குச் சுழியம்.

நம் நாட்டுக் கணக்கிலும் இந்த இடைவெளி சின்னதில்லை. ஐசிஎம்ஆர் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் 55 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைக்கு உட்கார்ந்த வேலை என்றால் 1,660 கலோரி, மிதமான வேலை என்றால் 2,130. கூடுதலாக 470. ஒரு பெண்ணை எந்தக் கட்டத்தில் போடுகிறோம் என்பது ஒரு வேளைச் சாப்பாட்டின் விஷயம். அதை "ஹவுஸ்வைஃப் தானே?" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். வீட்டோடு இருப்பவள் என்றால் சீரியல் பார்ப்பவள் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும். அவருடைய அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எனக்கு ஆறவே ஆறாத இன்னொன்று உண்டு. எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் ஒரு பெரியப்பா ஆரம்பிப்பார். "அந்தக் காலத்துல பொம்பளைங்க அம்மியில அரைச்சாங்க, ஆட்டுக்கல்லுல ஆட்டினாங்க, கிணத்துல இறைச்சாங்க. சுகர் வந்துச்சா, பிரஷர் வந்துச்சா? அதுதான் எக்சர்சைஸ்!" அப்படியா பெரியப்பா? அப்பாயி செய்தால் உடற்பயிற்சி, நான் செய்தால் அன்றாட வேலையா? மாவு ஆட்ட கிரைண்டர் வந்துவிட்டது, சரி. கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது யார்? கிரைண்டர் தானாக மாடிக்குக் கேன் தூக்குமா? அம்மி அரைத்தவர்களுக்கு முதுகு எப்படி இருந்தது என்று எந்தப் பெரியப்பாவும் சொன்னதில்லை. எங்கள் அப்பாயி கடைசிப் பதினைந்து வருடம் நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை.

வாட்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது மணிக்கட்டு ஆடுவதை வைத்துத்தான் அடியை எண்ணுகிறது. கேனைத் தோளில் வைத்து ஒரு கையால் பிடித்தபடி அறுபது படி ஏறினால் மணிக்கட்டு ஆடாது, பாதிப் படி காணாமல் போகிறது. சப்பாத்தி தேய்க்கும்போது ஒரே இடத்தில் நின்றபடி 200 அடி நடந்திருக்கிறேன் என்று பாராட்டியது. பாராட்டு வந்த ஒரே நாள் அதுதான், அதுவும் பொய்.

"அப்ப வீட்டு வேலையை விட்டுட்டுத் தனியா அரைமணி நேரம் நடங்க மேடம்" என்கிறார் பயிற்சியாளர். எப்போது நடப்பது? 2024-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்காக 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்கிறது. ஆண்கள் 88 நிமிடம். பிள்ளையை, பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. காலை ஐந்தரைக்கு எழுந்து பூங்காவுக்குப் போகலாம் என்றால், ஆறே முக்காலுக்கு டிபன் டப்பா தயாராக இருக்க வேண்டும். எனக்கு நடக்க நேரமில்லாமல் செய்ததே எந்த வேலையோ, அந்த வேலைதான் கணக்கில் சேராதாம். உலக சுகாதார நிறுவனத்துக்கு இந்தத் தகராறே இல்லை. வீட்டு வேலையையும் உடலுழைப்பு என்றுதான் எழுதியிருக்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் சேரும் என்ற பழைய விதியையும் 2020-இல் எடுத்துவிட்டது. மிதமானது என்றால் 3 மெட் முதல் 6 வரை. என் மாப்பு 3.5. அவர்களுக்குச் சேர்கிறது, மாதம் 999 ரூபாய் வாங்குகிறவருக்குச் சேரவில்லை.

அமெரிக்காவில் அலியா க்ரம், எலன் லாங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் 84 பெண்களை வைத்து ஒன்று செய்து பார்த்து, 2007-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினரிடம், நீங்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சிதான் என்று விளக்கிச் சொன்னார்கள். நாலு வாரத்தில் அவர்களுக்கு எடையும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கியிருந்ததாம். சொன்னதாலேயே இறங்கியதா என்று அதை நம்பாதவர்களும் உண்டு, எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் யாராவது அப்படி ஒரு வார்த்தை என்னிடம் சொல்லிப் பார்க்கட்டும். எடை இறங்காவிட்டாலும் என் ரத்த அழுத்தம் அன்றைக்காவது இறங்கும்.

செயலியில் இப்போது என்னை லேசான சுறுசுறுப்புக்கு மாற்றிவிட்டேன், யாரையும் கேட்கவில்லை. பாத்திரத்தை எழுதுவதில்லை, மாப்பை எழுதுவதில்லை. கேனை மட்டும் எழுதுகிறேன். அதை விட்டுக்கொடுக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் ஹாலுக்கும் ஒரு ரூமுக்கும் மாப் போட்டார். வாட்ச் கட்டிக்கொண்டு, அதில் 'ஒர்க்அவுட்' அழுத்திவிட்டுத்தான் ஆரம்பித்தார். 22 நிமிடம். சோபாவுக்கு அடியில் போடவில்லை. முடித்ததும் செயலி காட்டிய கலோரியைப் படம் பிடித்து, 'சண்டே ஹோம் ஒர்க்அவுட்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பதினாலு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள், அந்தப் பெரியப்பா உட்பட. கொஞ்ச நேரத்தில் ஊரிலிருந்து மாமியார் போன் செய்தார். மகனுக்கு இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டார்.