கோட்டுக்கு ஒரு சாண் மேலே

போன கிழமை கோண்டாவிலில் ஒரு கலியாண வீடு. பந்தியில் எனக்கு எதிரே இருந்த உறவுக்காரர் ஒருவர், வங்கியில் நல்ல வேலையில் இருக்கிறவர், பாயாசம் வரும் வரை ஒரே கதைதான் கதைத்தார். "நாங்கள் வரி கட்டுறம், அவை அஸ்வெசும எடுத்துச் சாப்பிடினம்." அஸ்வெசும என்றால் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற உதவிக் காசு. 'அவை' என்று அவர் தலையாட்டிக் காட்டிய பக்கம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள். கலியாண வீட்டில் சண்டை பிடிக்கக் கூடாது என்று பேசாமல் எழும்பி வந்துவிட்டேன். அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், நேரம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

நான் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு ஹாட்வெயார் கடையில் பதினொரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பில், வற் (VAT, சாமானின் விலையோடு சேர்த்து வாங்குகிற வரி) கணக்கு, வேலையாட்களின் சம்பளச் சிட்டை எல்லாம் என் கையால்தான் போகும். சீமெந்து, கம்பி, பெயின்ற் என்று ஒருவர் ஒரு லட்சம் ரூபாவுக்குச் சாமான் எடுத்தால் அதற்குள் 15,254 ரூபா வற். 18 சதவீதம் என்றால் லட்சத்துக்குப் பதினெட்டாயிரம் என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை, மொத்த விலைக்குள்ளே அது 18/118. சரி, அந்தக் கணக்கு கிடக்கட்டும். விஷயம் என்னவென்றால் அந்த 15,254 ரூபாவைக் கட்டுகிறவர் வங்கி மனேஜரா, மேசன் வேலைக்குப் போய் மிச்சம் பிடித்துத் தன் வீட்டுக்கு மலசலகூடம் கட்டுகிறவரா என்று அந்தப் பில் கேட்பதில்லை.

"எங்கட சந்திக் கடையில் வற் பில் தருவதில்லை, அங்கே வாங்கினால் வரி இல்லைத்தானே" என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்தச் சின்னக் கடைக்காரர் வற்றுக்குப் பதியாதவராக இருக்கலாம். ஆனால் அவர் மொத்த வியாபாரியிடம் எடுக்கும்போதே சோப்பிலும் பிஸ்கட்டிலும் அது ஏறி உட்கார்ந்துவிடும். அவரால் அதைத் திருப்பி எடுக்கவும் முடியாது, விலையில் போட்டு எங்களிடம் வாங்குவார். அரிசிக்கும் மரக்கறிக்கும் பாணுக்கும் வற் இல்லை, உண்மை. அவற்றை ஏற்றி வருகிற லொறியின் டீசலுக்கு இருக்கிறது, 2024 தையில் இருந்து. பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் அன்றைக்குத்தான் வந்தது.

2019 மார்கழியில் வற்றை 15இல் இருந்து 8 ஆக்கினார்கள். அந்த நேரம் எங்கள் பக்கம் எந்தச் சாமானின் விலையும் இறங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. திறைசேரிதான் காய்ந்தது. பிறகு 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டில் 12, பிறகு 15, 2024 தை முதலாம் திகதி 18. ஏறும்போது மட்டும் மறுநாள் காலையிலேயே கடையில் ஏறிவிடும், எங்கள் முதலாளி விடியற்காலையிலேயே வந்து விலைச் சீட்டு ஒட்ட வைத்தார். (அவரைக் குறை சொல்லவில்லை, அவர் அந்த 18ஐத் தன் பொக்கற்றில் போடுவதில்லை.)

மண்ணெண்ணெய்க் கதையும் ஒன்று இருக்கிறது. 2022 ஆவணியில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபா ஆனது. அது வரி இல்லை, மானியத்தை எடுத்தது. ஆனால் குருநகரிலும் பாசையூரிலும் படகுக்கு எண்ணெய் அடிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் விளங்காது, விளங்கவும் தேவையில்லை. பல நாள் கடலுக்குப் போகாமல் படகு கரையிலேயே கிடந்தது, அவ்வளவுதான் அவருக்கு.

இப்போது உறவுக்காரரின் வரிக்கு வருகிறேன். அவர் சொல்வது சம்பள வரி. 2023 தையில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் உழைக்கிற எல்லோரையும் பிடித்தார்கள். மாதம் இரண்டு லட்சம் எடுக்கிறவருக்கு 10,500 ரூபா வெட்டுப்பட்டது. வலித்திருக்கும், மறுக்கவில்லை. அந்தப் பங்குனியில் வைத்தியர்களும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள், நாடே கேட்டது. 2025 சித்திரையில் விலக்கை ஒன்றரை லட்சமாக்கினார்கள், ஆகக் குறைந்த வீதத்தில் வெட்டுகிற பகுதியையும் பெரிதாக்கினார்கள். அதே இரண்டு லட்சக்காரருக்கு இப்போது 3,000 ரூபாதான். வற் 18 அப்படியே நிற்கிறது. அதற்கு எதிராக யார் வேலைநிறுத்தம் செய்வது? மீன் வெட்டுகிறவரா, தையல்காரரா?

என் வீட்டைச் சொல்கிறேன். என் சம்பளம் 55,000. ஓய்வுகாலத்துக்கென்று சம்பளத்தில் பிடிக்கிற சேமலாப நிதிக்கு எட்டு வீதம், 4,400 போனால் கையில் 50,600. என் கணவர் ஓட்டோ ஓடுகிறார், லீசிங் கட்டிப் பெற்றோல் அடித்து நல்ல மாதத்தில் 45,000 மிஞ்சும். இரண்டு பிள்ளைகள், மூத்தவன் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிறான். ரியூசன் காசு என்றால் இங்கே தனி வரி மாதிரித்தான். சம்பள வரி எங்களைத் தொடாது, அஸ்வெசுமவும் எங்களைத் தொடாது. போன மாதம் ஒரு வேகத்தில் வீட்டுப் பில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். வற் ஏறிய சாமானும் பெற்றோலும் மட்டும் 38,000 ரூபாவுக்கு வந்தது. அதற்குள் வரி கிட்டத்தட்ட 5,800. போன் ரீலோட்டுக்கு வேறு தொலைத்தொடர்பு வரி இருக்கிறது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. உறவுக்காரரும் கடையில் வற் கட்டுகிறார்தான், எங்களைவிடக் கூடவே கட்டுவார். ஆனால் 'வரி கட்டுகிறவர்கள்' என்ற பட்டியலில் எங்கள் பெயர் இல்லை என்று அவர் பந்தியில் இருந்து தீர்ப்புச் சொல்லும்போது எனக்கு அந்த 5,800 ஞாபகம் வந்தது.

எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீட்டில் இருக்கிற அக்கா அஸ்வெசும எடுக்கிறவர். கணவர் இல்லை. மாமியும் இரண்டு பிள்ளைகளும். 'வறிய' என்ற வகுப்பு. முதலில் 8,500 வந்தது, 2025 தையில் 10,000 ஆனது. 'மிகவும் வறிய' என்பவர்களுக்கு 15,000 இருந்து 17,500 ஆனது. இவர்களுக்கு மேலே இன்னும் இரண்டு வகுப்பு, 2,500, 5,000 என்று தவணை போட்டுத் தொடங்கி, தவணை முடிய முடிய நீட்டினார்கள். அக்கா வீட்டில் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் இடித்துப் பைக்கற் போட்டு விற்பார், எல்லாச் செலவும் போக மாதம் ஒரு 12,000. ஆக 22,000. அதில் வற் ஏறிய சாமான் 12,000க்கு வாங்கினால் 1,830 வரி. முன்வாசலால் வந்த பத்தாயிரத்தில் அவ்வளவும் கோடிப்பக்கத்தால் போய்விடுகிறது.

போன வருடம் எங்கள் கடையில் பொருள் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் முதலாளியிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவரும் சரி என்றார். ஆகக் குறைந்த சம்பளம் அப்போதுதான் 21,000இல் இருந்து 27,000 ஆகியிருந்தது (2026 தையில் 30,000). அக்காவுக்கு நல்ல சந்தோஷம், அன்றைக்கே மாமியிடம் சொல்லிவிட்டார். இரவு ஒரு கொப்பியோடு வந்தார். "பிள்ளை, ஒருக்கா கணக்குப் பார்த்துச் சொல்லு."

பார்த்தோம். 27,000இல் சேமலாப நிதி போக 24,840. பஸ்ஸுக்கும் சில்லறைச் செலவுக்கும் 4,000. மிச்சம் 20,840. காலையில் போய் இரவு வந்தால் மாவு இடிக்க நேரம் இல்லை. அஸ்வெசும நின்றால் இப்போது இருக்கிற 22,000ஐவிடக் குறைவு. நிற்காவிட்டால் 30,840, அது வேறு கதை. நிற்குமா, நிற்காதா? இதுதான் முழுக் கேள்வியும். விசாரித்த இடத்தில் "உடனே வெட்டமாட்டினம், அடுத்த மீளாய்வில் பார்ப்பினம்" என்று சொன்னார்களாம். பார்ப்பினம் என்றால் என்ன அர்த்தம் என்று அக்கா என்னிடம் கேட்டார். நான் எங்கே கண்டேன்.

அஸ்வெசும நேரடியாகச் சம்பளத்தை மட்டும் பார்த்து வெட்டுகிற திட்டமில்லை என்பதையும் சொல்லவேண்டும். கல்வி, உடல்நலம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பில் 22 அளவுகோல் வைத்துப் புள்ளி போடுகிறார்கள். இதற்கு முன் இருந்த சமுர்த்தி உதவித் திட்டத்தின் காலத்தில் அரசியல்வாதியின் ஆளுக்குக் கிடைத்தது, மற்றவனுக்கு இல்லை என்ற குறை நிறைய இருந்தது. அதைவிட இது எவ்வளவோ மேல், காசு நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆனால் புள்ளி ஒரு கோடு போடும், கோட்டுக்குக் கீழே இருந்தால் காசு, ஒரு சாண் மேலே ஏறினால் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் அந்த அளவுகோல்கள் சில வேளை ஆளையே மாற்றிக் காட்டும். உதாரணம் வீடு. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் தந்தார்கள். கல்வீடு எழும்பியது, மிச்சத்துக்கு நகையை அடைவு வைத்தவர்களும் கடன்பட்டவர்களும் எத்தனை பேர் என்று வலிகாமம் வடக்கில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் சொல்வார்கள். கணக்கெடுக்க வருகிறவரின் கண்ணுக்குச் சீமெந்துச் சுவர் தெரியும், அந்தச் சுவருக்குள்ளே இருக்கிற கடன் தெரியாது.

வெளிநாட்டுக் காசு என்ற பேச்சும் இதே மாதிரித்தான். கனடாவில் ஒரு தம்பி இருந்தால் முழுக் குடும்பமும் டொலரில் மிதக்கிறது என்று நினைக்கிறார்கள். அந்தத் தம்பி அங்கே இரண்டு வேலை செய்து, தைப்பொங்கலுக்கும் அம்மாவின் திவசத்துக்கும் அனுப்புவான், அதோடு சரி.

லண்டனில் இருக்கிற என் மச்சாளிடம் இதைச் சொன்னபோது அவ சிரித்தா. முதியோர் இல்லம் ஒன்றில் பகுதிநேர வேலை, அங்கத்தைய உதவிக் காசும் எடுக்கிறா. பிள்ளைகள் இருக்கிற குடும்பம் என்றால் உழைப்பில் முதல் கொஞ்சத்தில் கை வைக்கவே மாட்டார்களாம், அதற்கு மேலே வரி போகக் கையில் வருகிற ஒவ்வொரு பவுணுக்கும் உதவியில் 55 பென்ஸ் குறைப்பார்களாம். முன்பு 63 ஆக இருந்ததாம். அவவுக்கு அதுவே கோபம், "பாதிக்கு மேல பிடுங்குறாங்களடி" என்றா. ஆனால் எனக்கு அதில் ஒன்று பிடித்தது. கையில் ஒரு பவுண் கூட வந்தால் 45 பென்ஸாவது நிச்சயமாக மிஞ்சும் என்று அவவுக்கு முன்கூட்டியே தெரியும். படி படியாக இறக்குகிறார்கள். எங்களுடையது பனையில் பாதி ஏறினவனின் ஏணியை எடுக்கிற மாதிரி.

என்னைக் கேட்டால் ஒரே ஒரு விதி போதும். அஸ்வெசும எடுக்கிற வீட்டில் ஒருவர் சேமலாப நிதியுள்ள வேலைக்குப் போனால் இரண்டு வருடத்துக்குக் காசில் கை வைக்கமாட்டோம், அதற்குப் பிறகு பாதி, அதற்குப் பிறகு நிறுத்தம் என்று கடதாசியில் எழுதித் தரட்டும். உதவிக் காசு வாங்குகிற ஆள் தானாகவே ஏறிப் போய்விடுவார், அரசாங்கத்துக்கும் மிச்சம்தான். காசு எங்கே என்று கேட்பீர்கள். வற்றைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, 2019இல் குறைத்துப் பார்த்தோம். ஆனால் காசு தேவைப்படும்போதெல்லாம் முதலில் சோப்பிலும் காஸிலும் கை வைக்காமல், பெரிய வீட்டையும் பெரிய வருமானத்தையும் ஒழுங்காகப் பிடிக்கலாமே என்றுதான் கேட்கிறேன். வட்டியில் பிடிக்கும் வரி 2025இல் 5இல் இருந்து 10 ஆனது, அதுவும் சரியான திசைதான், வருமானம் குறைந்தவர்கள் விலக்கு எடுக்க வழியும் வைத்தார்கள். எங்கள் ஊர்ச் சனம் அந்தப் படிவத்தை நிரப்புவதில்லை, அது வேறு கவலை.

எல்லா வரியும் கெட்டது என்றும் நான் சொல்லவில்லை. இறக்குமதி வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் வரி கூடினால் என் சமையலறை அழும், ஆனால் அந்த வரி குறையும்போது உடுவில் பக்கம் வெங்காயம் செய்த என் சித்தப்பா அழுவார். இரண்டு பேரும் ஒரே குடும்பம். நான் எந்தப் பக்கம் நிற்பது என்று ஒவ்வொரு அறுவடைக்கும் மாறுகிறேன்.

கலியாண வீட்டு உறவுக்காரர் இதை வாசிப்பார் என்று தெரியும். அண்ணை, அன்றைக்குப் பாத்திரம் கழுவிய இரண்டு பேரில் ஒருவர் எங்கள் ஒழுங்கை அக்காதான். அந்தக் கடை வேலைக்கு அவர் வரவில்லை, வேறொரு பிள்ளை வந்தது. அக்கா மாவு இடிக்கிறார், கலியாணம் வந்தால் கழுவப் போகிறார். நேற்று அவரின் தம்பி பழைய பிறிஜ் ஒன்று கொண்டுவந்து தருகிறேன் என்றானாம். மாவும் தூளும் கெடாமல் வைக்கலாம், கொஞ்சம் கூட விற்கலாம். அக்கா இரவு வந்து என்னிடம் கேட்டது இதுதான்: "கறண்ட் யூனிட்டையும் பார்ப்பினமாம், கூடினால் புள்ளி மாறுமாம். பிறிஜ்ஜை உங்கட வீட்டில் வைக்கட்டே, பிள்ளை? பில் காசை நான் மாதம் மாதம் தாறன்."

குசினியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.